கரையும் விளக்கு

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், நெய்தல் திணை குறித்த கருத்தரங்கு ஒன்றிற்காகக் கோலாலம்பூர் சென்றிருந்தேன். கட்டுரையை வாசித்து முடித்த மறுநாள் ஓய்வு. உடன் வந்தவர்கள் பத்துமலைக்குப் புறப்பட்டார்கள். நான் போர்ட்டிக்சனுக்குப் போனேன். என் பையில் அப்பா கொடுத்தனுப்பிய எள் பொட்டலம் ஒன்று இருந்தது.

அதைப்பற்றிப் பேசுமுன் அப்பாயியைப்பற்றிச் சொல்லவேண்டும். அப்பாயிக்கு ஒரே அண்ணன். 1937ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். அடுத்த ஆண்டே கூலித் தொழிலாளர்களை மலாயாவிற்கு அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் போயிருக்கவே மாட்டார் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். கடைசிக் கடிதம் 1941இல் வந்தது. போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதாகவும், விடுப்பு நாளில் கடற்கரைக்குப் போனால் முனையில் ஒரு விளக்கு தெரியும் என்றும், அதற்கு அந்தப்புறந்தான் நம்மூர் என்று எண்ணிக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தார். டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை.

தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனதும், 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943இல் முடிவதற்குள் அவர்களில் பெருந்தொகையினர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்ததும் நாம் பிற்காலத்தில் படித்து அறிந்தவை. அப்பாயிக்கு யார் சொல்வது? 1949இல் அப்பாவுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடி வேண்டும். பங்காளி முறையில் வேறோர் அண்ணனை உட்காரவைக்கலாம் என்று ஊரார் சொன்னதை அப்பாயி ஏற்கவில்லை. மணையின்மேல் அண்ணன் விட்டுப்போன துண்டை விரித்து, அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தச்செய்தார். 1998இல் கண்மூடும்வரை அமாவாசைப் படையலில் அண்ணன் பெயரைச் சொல்ல அவர் யாரையும் விட்டதில்லை.

போர்ட்டிக்சனில் இடங்களைக் கட்டைக் கணக்கில் சொல்கிறார்கள்; மைல்கல்லைத்தான் அங்குள்ள தமிழர்கள் கட்டை என்கிறார்கள். என்னை அழைத்துச் சென்ற ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். சிரித்தார்.

"அது எப்பவோ தாமான் ஆயிருச்சு தம்பி. பேரு மட்டும் பஸ் நிக்கிற இடத்துக்கு இருக்கு."

தாமான் என்றால் குடியிருப்பு. வரிசை வீடுகள், கார்கள், ஒரு சிறிய மாரியம்மன் கோயில். ஒரு ரப்பர் மரமாவது மிஞ்சியிருக்காதா என்று பார்த்தேன். அப்பால் கண்ணுக்கெட்டியவரை செம்பனை.

மரீனா எனப்படும் உல்லாசப் படகுத்துறைக்கும் போனோம். வெள்ளை வெளேரென்று பாய்மரப் படகுகள் கயிறு தட்டிக்கொண்டு நின்றன. அழகான இடந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

கலங்கரை விளக்கம் தஞ்சோங் துவான் முனையில், காட்டுக்குள் ஏறிச்செல்லும் பாதையின் முடிவில் இருக்கிறது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம். அந்த முனை மட்டும் மலாக்காவுக்கு உரியது. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்கு விளக்கு வைத்தார்கள். 1606இல் டச்சுக்காரர்களோடு பெரும் கடற்போரும் இங்கேதான் நடந்தது. இப்போதுள்ள வெண்ணிறக் கோபுரம் 1863இல் ஆங்கிலேயர் கட்டியது. நாங்கள் போன அன்று வாயில் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு இப்பால் நின்றே பார்த்தேன். ஆசிரியர் மேலே காட்டினார். தேன்பருந்துகள். சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருவம். இந்த இடத்தில் நீரிணையின் அகலம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். கடலின்மேல் ஏறிச்செல்ல வெப்பக்காற்று கிடைக்காததால் சிறகடித்தே கடந்து, களைத்துத் தாழ்வாக வந்து சேர்கின்றன.

அப்படியானால் எதிரே தெரிவது நம்மூர்ப்புறம் அல்ல, சுமத்திரா. அதையும் தாண்டித்தான் வங்கக்கடல். பாட்டனார் திசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், இடையில் ஒரு பெருந்தீவு கிடப்பதை அறியவில்லை.

வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்தும்போதெல்லாம் ஒரு சொல்லில் நின்றுவிடுவது என் வழக்கம். வானளாவிய மாடத்தில் இரவில் ஏற்றிய சுடர், கடலில் திசைதப்பி ஓடும் கலங்களைக் 'கரைகிறது' என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதுபோல. கலத்தைக் கரைவதனால்தான் அது கலங்கரை விளக்கம். அதே புலவர்தான் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கும் காழகத்துச் செல்வத்தையும் பாடினார். காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார்; கடாரம் இந்த மலாய்க்கரையின் வடபகுதிதான். இருபது ஆண்டுகளாக இதைப் பெருமிதத்தோடு சொல்லிவந்திருக்கிறேன். பொருள் ஏற்றிவந்த கலங்களைப் பற்றியே பேசியிருக்கிறேன், ஆளை ஏற்றிப்போனவற்றைப் பற்றி ஒருநாளும் இல்லை.

மாலையில் கடற்கரைக்கு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை. பாதிக்கூட்டம் நம்மவர்கள். பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ இளையராஜா பாடல் ஒலித்தது. பிள்ளைகள் காற்றடைத்த வாழைப்பழப் படகில் கூச்சலிட்டுப் போனார்கள். அவர்களுள் எவரேனும் நமக்கு உறவாக இருக்கலாம் என்று ஓர் எண்ணம். அவர் சயாமுக்குப் போகாமல், இங்கேயே மணம்முடித்து, எழுதக் கூச்சப்பட்டு இருந்துவிட்டிருக்கலாம் அல்லவா?

தந்தை இருக்கும்போது மகன் எள்ளும் நீரும் விடலாகாது என்பார்கள். அப்பாவால் இனி இவ்வளவு தொலைவு வர இயலாது. "கடலுக்கு எல்லாம் தெரியும், விட்டுட்டு வா" என்றுதான் அனுப்பினார். கணுக்கால் நீரில் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். பெயரைச் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் முனையில் விளக்கு எரியத் தொடங்கியது.

பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஏதும் கேட்கவில்லை.

வீட்டிற்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"விட்டியா?"

"கூட்டமா இருந்துச்சுப்பா."

அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை வாங்கி, அப்பாயியின் தகரப்பெட்டியைத் திறந்து, அந்தக் கடிதத்தோடு வைத்தார். விளக்கைப் படம் எடுத்தாயா என்று கேட்டார். கைப்பேசியில் காட்டினேன். இருட்டில் ஒரு மஞ்சள் புள்ளி. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.