தெருவை மனப்பாடம் செய்தல்

எங்கள் தாமான் குடியிருப்பில் இரவு ரோந்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம், மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வேன். நடந்தால்தான் தெரு பிடிபடும். யார் வீட்டு வாசல் விளக்கு விடியும்வரை எரியும், எந்தக் கார் எந்த வேலியோரம் நிற்கும், ஈப்போவில் இரவு வேலை முடித்து வரும் பெண்ணைத் தொழிற்சாலை பஸ் எங்கே இறக்கிவிடும் என்பதெல்லாம் மனப்பாடமானால்தான் ஒருநாள் ஏதாவது மாறியிருப்பது கண்ணில் படும். எரியவேண்டிய விளக்கு அணைந்திருந்தால் வேலியருகே நின்று குரல் கொடுப்போம். பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். இருந்தாலும் குரல் கொடுக்காமல் கடந்துபோகக் கூடாது.

இந்த ரோந்தை நடத்தும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு மலேசியாவில் 1975-இல் தொடங்கியது. 2012-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. ஜாமீன் இல்லாத, வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் பொதுமக்களில் யாரும் பிடிக்கலாம், தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. அடிக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. கை ஓங்குகிறவரை அடுத்த சுற்றுக்கு நான் அழைப்பதில்லை.

இங்குள்ள முதியவர்கள் பலர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை விட்டு வந்தவர்கள். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு உணவு போகக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்கம்பி, அரிசிக்கு அளவு, பால் வெட்டப் போகிறவரின் பையில் சோறு இருக்கிறதா என்று வாசலில் சோதனை. அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்குச் சீருடையைக் கண்டால் இன்றும் பேச்சு சுருங்கிவிடும். கழுத்துச் சங்கிலி பறிபோனாலும், “போனது போகட்டும் தம்பி, பாலாய்க்கெல்லாம் வேணாம்” என்று போலீஸ் நிலையத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

அவர்களைப் புகார் கொடுக்க அழைத்துப் போவதைத்தான் இந்தத் தொண்டின் உயிர் என்று நினைக்கிறேன். முதலில் திண்ணையில் உட்கார்ந்து, சங்கிலியைப் பறிகொடுத்த பாட்டி எங்கே தொடங்குகிறாரோ அங்கிருந்தே கேட்க வேண்டும். மகன் கல்யாணத்தில் தொடங்கினாலும் குறுக்கிடக் கூடாது. சங்கிலியை எப்போது, யார் வாங்கிக் கொடுத்தது என்பது அதற்குள் வந்துவிடும். இரண்டாம் முறை சொல்லும்போதுதான் நேரம், நின்ற இடம், மோட்டார் வந்த திசை எல்லாம் கேட்பேன்.

கவுன்டரில் தமிழ் தெரிந்த போலீஸ்காரர் இருந்தால் நான் விலகி நிற்பேன். இல்லாவிட்டால் மலாயில் எடுத்துச் சொல்வேன். “சட்டை கறுப்புன்னு நெனைக்கிறேன்” என்று பாட்டி சொன்னால், கறுப்புச் சட்டை என்று முடித்துவிடக் கூடாது. அந்தச் சந்தேகமும் புகாரில் ஏற வேண்டும். இல்லையென்றால் நீல நிறச் சட்டைக்காரன் தப்பிவிடுவான், கறுப்புச் சட்டை போட்ட வேறொரு பையன் மாட்டிக்கொள்வான். வாயால் சொன்ன புகாரை எழுதி, கொடுத்தவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 107-ஆவது பிரிவு. வாசிக்கும்போது வரிக்கு வரி தமிழில் சொல்லுவேன். அவர் தலையாட்டிய பிறகே அடுத்த வரி.

தொடர்பு எண் கேட்கும்போது பலரும் என் எண்ணையே கொடுக்கப் பார்ப்பார்கள். நான் பாட்டியின் எண்ணைத்தான் எழுதச் சொல்வேன். விசாரணை அதிகாரி அழைத்தால் முதலில் அவர் பேசட்டும். தேவைப்பட்டால் நான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன்.