பெரிய கொண்டை ஆசையும், ஆச்சியின் சவுரியும்!

உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது தோழிகளே. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் எழுதுவது என் வேலை. ஆனால், பியூட்டி வீடியோ எடுக்கும் நாளில் மாடல் வரவில்லை என்றால், ‘உனக்குத்தான் இடுப்பு வரைக்கும் முடி இருக்கே, நீயே உட்காரு’ என்று கேமரா முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் ‘அஞ்சே நிமிஷத்தில் பெரிய கொண்டை’ வீடியோவுக்கு உட்கார்ந்தேன். உச்சியில் இறுக்கமாக ஒரு குதிரைவால், நுனியிலிருந்து வேர் நோக்கிச் சீப்பால் திருப்பி வாரி ‘புஸ்’ஸென்று ஆக்கும் பேக் கோம்பிங், மேலே ஸ்பிரே, இருபது பின். முடிந்தது!

வீடியோ நன்றாக ஓடியது. எனக்கும் அந்தக் கொண்டை பிடித்துப்போனது. தினமும் அதே கொண்டைதான். காலையில் ஹாஸ்டலில் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட முடியை முறுக்கிக் கட்டி, குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துக் கிண்டியில் இறங்குவேன். இரவு ரப்பர் பேண்டைக் கழற்றும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள்... அந்த நிம்மதிதான் எச்சரிக்கை மணி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து, வேறொரு வீடியோவுக்கு முகப்புப் படம் தேர்வு செய்துகொண்டிருந்தேன். என் முகத்தைப் பெரிதாக்கியபோது கை நின்றுவிட்டது. நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் முடி இல்லை. மெல்லிய பூனை முடிகள் மட்டும். இடுப்பு வரை கூந்தல் இருக்கிற பெண்ணுக்கு, காதுக்கு மேலே மண்டைத் தோல் தெரிந்தது. அன்று மாலை டிரெயினில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும், காற்றில் முடி பறந்தால் தெரிந்துவிடுமோ என்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

தோல் மருத்துவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “எப்படித் தலை வாருவீங்க?”

“முடி உதிர்றது எல்லாருக்கும் உண்டும்மா. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி போறது சாதாரணம். ஆனா உங்களுக்குத் தலை முழுக்கக் கொட்டலை. கொண்டை எங்க இழுக்குதோ அங்க மட்டும்தான் கொட்டியிருக்கு” என்றார். இதற்குப் பெயர் ‘டிராக்‌ஷன் அலோபீசியா’. விடாமல் இழுக்கப்படுவதால் முடியின் வேர் நோகும். ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர்ப்பகுதி தழும்பாகிவிடும், பிறகு வளராது. நான் ஆரம்பத்திலேயே வந்துவிட்டேன் என்றார். வெளியே வந்து அழுதேன். எனக்காக மட்டும் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துச் செய்தவர்களை நினைத்தும்தான்.

அந்த வாரம் திருநெல்வேலிக்குப் போனேன். ஆச்சியிடம் மறைக்க முடியுமா? தலையில் எண்ணெய் வைத்தவளின் விரல் நெற்றி ஓரத்தில் நின்றுவிட்டது.

“ஏட்டி, இது என்ன கிணத்துக் கயிறா? இந்த இழுப்பு இழுத்து வச்சிருக்க?”

“கொண்டை பெருசா தெரியணும்லா ஆச்சி...”

எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். உள்ளே சவுரி. அவளுடைய முடிதான். தலை வாரும்போது சீப்பில் வரும் முடியை எல்லாம் பனையோலைப் பெட்டியில் சேர்த்து, தெருவில் வருகிறவரிடம் கொடுத்துச் சவுரியாகக் கட்டி வாங்கியிருக்கிறாள்.

“எங்க காலத்துல எல்லாவளுக்கும் முடி அருவியா கொட்டுச்சுன்னு நெனைச்சியாக்கும்? பாதிப் பேருக்குச் சவுரிதாம்ட்டி. உள்ளுக்க வச்சுச் சுத்துனா கொண்டை தன்னால பெருசா நிக்கும். தலைமுடிய எதுக்கு இழுக்கணும்?”

எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. சங்கப் பாடல்களில் பெண்ணின் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்றே ஒரு பெயர் உண்டு. ஐந்து விதமாக முடிப்பது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கொண்டை அதில் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பக்கக் கொண்டையைத் தெரியாதவர்கள் யார்? பரதநாட்டியப் பெண்கள் இன்றும் சவுரி வைத்துத்தான் பின்னுகிறார்கள். கொண்டையின் பருமனுக்கு வெளியே துணை தேடிக்கொள்வது நம் ஊரில் பழைய பழக்கம். அத்தனையையும் என் சொந்த முடியிலிருந்தே கறக்கப் பார்த்தவள் நான்தான்.

இப்போது நான் கொண்டை போடும் முறை இதுதான்:

* தலை நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுகிறேன். ஈர முடி சுலபமாக நீண்டு அறுந்துவிடும். சிக்கெடுக்கப் பெரிய பல் சீப்பு. முதலில் நுனி, கடைசியில் வேர்.

* பேக் கோம்பிங்குக்கு முழுக்கு! முடியின் மேல் மீன் செதில் போல ஓர் அடுக்கு உண்டு. எதிர்த்து வாரினால் அது தூக்கிக்கொண்டு உடையும்.

* பிடரியில் தளர்வாக, துணி சுற்றிய பேண்ட் போட்டு ஒரு குதிரைவால். அதைத் தளர்வாகப் பின்னி, பின்னலின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்குகிறேன். அதைச் சுற்றினாலே கொண்டை இரண்டு மடங்கு தெரியும்.

* இன்னும் பெரிதாக வேண்டுமா? பழைய காலுறையின் விரல் பகுதியை வெட்டிவிட்டு, வடை போலச் சுருட்டி உள்ளே வையுங்கள். சவுரி என்றால் கனம் குறைந்ததாகப் பாருங்கள். கனமான சவுரியும் வேரை இழுக்கும்.

* ரப்பர் பேண்டுக்குப் பதில் நாலைந்து யூ-பின். கொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் முடியைப் பிடித்து, பின்னைத் திருப்பிக் கொண்டைக்குள் செருகினால் நிற்கும்.

* மல்லிகையை ஒரே இடத்தில் தொங்கவிடாமல் கொண்டையைச் சுற்றி வையுங்கள். பாரம் பிரிந்துவிடும்.

* ஒரு நாள் பிடரியில், ஒரு நாள் பக்கத்தில், ஒரு நாள் வெறும் பின்னல் என்று இடம் மாற்றுங்கள். வகிடும் மாறட்டும். தூங்கும் முன் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை. புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றி ஓரம் சுருக்கென்று இழுத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். வலியோ, நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்களோ இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஊரிலிருந்து வந்ததும் எடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய வீடியோவை எடுத்துவிட்டோம். அதே கேமரா முன்னால் மறுபடி உட்கார்ந்தேன். முதலில் நெற்றி ஓரத்தைக் காட்டினேன், அப்புறம்தான் கொண்டை.

நாலு மாதம் ஆகிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தானே வளரும்? நெற்றி ஓரத்தில் இப்போது விரல் நுனி அளவுக்குக் குட்டி முடிகள், எந்தப் பின்னுக்கும் அடங்காமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள்.

“முளைக்கட்டும், முளைக்கட்டும். சீப்புல வர்ற முடியத் தூரப் போட்ராத, என்ன?”

என் மேஜை டிராயரில் இப்போது ஒரு சின்ன டப்பா இருக்கிறது.