கதியாலும் முள்ளுக்கம்பியும்

2024 ஒக்ரோபர் 12, சனி. பலெர்மோ, சீசா

இந்த வருடம் மாடுகள் வேலியை மதிக்கவில்லை. எல்லாம் பசிதான். சென்ற மாரி சிசிலியில் பொய்த்துவிட்டது. மே மாதம் ரோம் அரசாங்கம் வரட்சி அவசரநிலை அறிவித்தது. வைக்கோல் இல்லாமல் மாட்டைக் கொல்களத்துக்கு ஏற்றியவர்களும் உண்டு. பலெர்மோ நகரத்திலேயே சில பகுதிகளுக்குத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள்.

கிழமை நாட்களில் நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் கிழவி அம்மாவின் தம்பி, தெற்கே நாற்பது கிலோமீற்றரளவில் உள்ள கொத்ரானோவில் மாடு வளர்க்கிறார். வயது எழுபத்தொன்று. அவருடைய பசுக்கள் இரவில் தார்வீதிக்கு வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. இத்தாலியின் சிவில் சட்டம் 2052ஆம் பிரிவின்படி மிருகம் செய்யும் சேதத்துக்கு மிருகத்தின் சொந்தக்காரரே பொறுப்பு. அது அவிழ்த்துக்கொண்டு ஓடியிருந்தாலும் பொறுப்பு அவருடையதுதான். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் இருட்டில் கறுத்த மாட்டில் மோதினால் கிழவரின் பண்ணையே போய்விடும். ஆகவே புது வேலி. யாழ்ப்பாணத்து வேலிகளைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்த கதைகளை நம்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

அலவாங்கு, குறடு, தோல் கையுறை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. யன்னலால் பார்த்தால் சீசா மாளிகை. 1165 அளவில் முதலாம் குலியெல்மோ அரசன் கட்டத் தொடங்கி, மகன் காலத்தில் முடிந்தது. அதைச் சுற்றி அரசர்களுக்கென்று அடைத்து வைத்த பெரிய சோலையும் வேட்டைக்காடும் இருந்தனவாம். இப்போது எங்கள் மாடிவீடுகள் அதற்குள்தான் நிற்கின்றன. அந்த மதில் எங்கே ஓடியது என்று ஒரு சனத்துக்கும் தெரியாது.

ஒக்ரோபர் 13, ஞாயிறு. கொத்ரானோ

எல்லையைச் சுற்றி நடந்தோம். நான், கிழவர், என்னோடு வந்த வன்னித் தம்பி. மண் அலவாங்கை உதைத்துத் தள்ளுகிறது. மழை வராமல் ஒரு குழியும் தோண்ட முடியாது.

மாடுகள் சினிசாரா இனம். பலெர்மோவுக்கு மேற்கே, இப்போது விமான நிலையம் இருக்கும் சினிசிப் பக்கத்து மாடு. கறுப்பு, சிறிய உடம்பு, கல்லுமலையிலும் மேயும். இதன் பாலில்தான் பலெர்மோவின் கச்சியோகவால்லோ பாற்கட்டி செய்கிறார்கள், பத்துக் கிலோ வரும் நீள்சதுரக் கட்டியாக. பாலுக்கென்று வந்த வெளிநாட்டு மாடுகள் இந்த வெயிலில் படுத்துவிட, இவை சருகைத் தின்றாவது நின்றன. நின்றதால்தான் வீதிக்கும் வந்தன.

பழைய வேலி ஒரு அருங்காட்சியகம். ஒரு பக்கம் சரிந்த கல்மதில், பிறகு முட்பற்றை, பிறகு துருவேறிய கம்பி, ஒரு பொட்டை அடைக்க இரும்புக் கட்டிலின் தலைமாடு. கிழவர் எங்களை முதலில் செய்யச் சொன்னது துருக்கம்பியைப் பொறுக்குவது. விரல் நீளத் துண்டு ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார். மாடு புல்லை மென்று தெரிவதில்லை, வாரி விழுங்கும். கம்பித்துண்டு இரண்டாம் இரைப்பையில் தங்கி, அசைபோடும் ஒவ்வொரு சுருக்கத்திலும் முன்னே குத்தும். அதற்கு முன்னால் இருப்பது நெஞ்சறை. இதயத்தைத் துளைத்துச் செத்த பசுக்களைக் கண்டிருக்கிறார். சில நாடுகளில் இதற்கென்றே விரலளவு காந்தக்கட்டியைப் பசுவுக்கு விழுங்கக் கொடுப்பார்கள். அது சாகும்வரை வயிற்றுக்குள் கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கென்று கண்டுபிடித்த கம்பி, அதிலிருந்து மாட்டைக் காப்பாற்ற இன்னொரு கண்டுபிடிப்பு!

வடக்கு மூலையில் நின்றால் ஃபிகூட்சாக் காடும் அதன் தலைக்கு மேல் 1,613 மீற்றர் புசாம்ப்ராப் பாறையும் தெரியும். நேப்பிள்சிலிருந்து தப்பி வந்த பூர்போன் அரசன் பெர்தினாந்து தனக்கு வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு அது. கொர்லெயோனே ஊரின் தொழிற்சங்கக்காரர் பிளாசிதோ ரிட்சொத்தோவை 1948 மார்ச் 10 மாபியாக்காரர் கடத்திக் கொன்று போட்டது இந்தப் பாறை வெடிப்பு ஒன்றில்தான். நிலமில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு தரிசு நிலங்களுக்குள் இறங்கியவர் அவர். எலும்புகளை 2009இல் எடுத்து, 2012இல் மரபணுச் சோதனையில் உறுதிசெய்து, அரசமரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கிழவர் பாறையைக் காட்டினார், பெயரைச் சொன்னார், பிறகு கம்பி பொறுக்கப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 16, புதன். சீசா, இரவு

அம்மா நித்திரை. கம்பிக் கணக்குப் போட உட்கார்ந்து, ஊர் வேலிகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுடைய வேலியில் நிற்பது கம்பமல்ல, கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு. நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும். வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்து, ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே நின்று குத்தூசி மாற்றிக் கட்டுவோம். குழை ஆட்டுக்கு, பூவரசங்குழை தோட்டத்துப் பசளைக்கு, உக்கின ஓலையும் தோட்டத்துக்கே. கொங்குநாட்டில் காங்கேயம் மாடு வளர்க்கும் கொறங்காட்டிலும் இதே முறைதான். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் நிற்கும் மேய்ச்சல்காட்டைச் சுற்றி முட்கிளுவை உயிர்வேலி. சிசிலியிலும் தாழ்ந்த இடங்களில் நாகதாளியை வேலியாக நட்டிருக்கிறார்கள். அது பழமும் தரும், வரட்சியில் முள்ளைச் சுட்டுவிட்டுப் போட்டால் மாடும் தின்னும்.

முள்ளுக்கம்பி மட்டும் ஒன்றும் தராது. அது வந்தது மரமும் கல்லும் இல்லாத புல்வெளியிலிருந்து. 1874 நவம்பர் 24, இல்லினோய் மாநிலத்து டீகால்ப் ஊர் விவசாயி ஜோசப் கிளிடனுக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்னாலேயே முள்வைத்த கம்பிகள் இருந்தன. ஆனால் முள் கம்பியில் வழுக்கி ஒரு பக்கமாய்ச் சேர்ந்துவிடும். கிளிடன் இரண்டாவது கம்பியை முறுக்கிச் சுற்றி முள்ளை இடத்தில் இறுக்கினார். விஷயம் அவ்வளவுதான். பத்து வருடத்துக்குள் ரெக்சாஸில் வேலி வெட்டும் சண்டையே நடந்தது, 1883இல்.

அதே காலத்தில் எங்கள் பக்கம் பிரித்தானியர் மாட்டுப் பிரச்சினையைக் கடதாசியில் தீர்த்தார்கள். இந்தியாவில் 1871, இலங்கையில் 1876, கால்நடை அத்துமீறற் சட்டம். கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டு, விதானையாரைக் கூப்பிடு, குற்றத்தைக் கட்டி அவிழ்த்துப் போ. அங்கே கம்பி, இங்கே விதானையார். என்னைக் கேட்டால், விதானையார்தான் மாட்டுக்குப் பாவமில்லாத வேலி.

ஆனால் கிளுவை தழைக்க வருடங்கள் வேண்டும், அதை அடைக்க வருடாவருடம் ஆள் வேண்டும். கிழவரின் பிள்ளைகள் இருவரும் வடக்கே, தொரீனோவில். கம்பி, ஆளில்லாத வீட்டின் வேலி. இன்றைக்கு வலிகாமத்திலும் பாதி வேலி முள்ளுக்கம்பியும் தகரமும் மதிலும்தானே. பிள்ளைகள் கனடாவில்.

ஒக்ரோபர் 26, சனி. கொத்ரானோ

மழை வந்தது. ஒரேயடியாக வந்தது. தெற்கே லிக்காத்தாவில் வெள்ளம் ஊருக்குள் ஏறிவிட்டது. இங்கே மண் மட்டும் இளகியது.

தூண்கள் காஸ்தாஞோ (செஸ்நட்) மரம். சாயச்சத்து நிறைந்த மரமாதலால் மண்ணுக்குள் உக்கச் சுணங்கும். கிழவர் ஆனாலும் விடவில்லை. புதைக்கிற பக்கத்தைத் தீயில் கருக்கித்தான் தந்தார். 1.80 மீற்றர் தூண், 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள். மிச்சம் 1.20. அந்த 1.20இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இத்தாலியில் வேட்டைக்காரர் பிறர் நிலத்துக்குள் போகச் சட்டம் இடம்கொடுக்கிறது. 1992இன் வேட்டைச் சட்டப்படி வேலி 1.20 மீற்றருக்குக் குறையாவிட்டால்தான் அது அடைத்த நிலம், அவர்கள் உள்ளே வர முடியாது.

நாளின் பெரும்பகுதி மூலைகளுக்கே போயிற்று. ஆட்கள் முள்ளைப் பார்த்து வேலியை மதிக்கிறார்கள், வேலையெல்லாம் மூலைத்தூணில். நாலு வரிக் கம்பியின் இழுவை முழுவதும் அதன் தலையில் வந்து விழும். சும்மா நட்டால் ஒரு மாரிக்குள் உள்ளே சாய்ந்து, கம்பி தொய்ந்து, மாடு கடந்துவிடும். ஆகவே மூலைத்தூண் ஒரு மீற்றர் ஆழத்தில். அதிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளித் துணைத்தூண். இரண்டின் தலைக்கும் இடையே படுக்கையாய் ஒரு மரம். துணைத்தூணின் தலையிலிருந்து மூலைத்தூணின் அடிக்குச் சாய்வாக இரட்டைக்கம்பி போட்டு, நடுவில் தடி செருகி முறுக்கினோம். கம்பி இழுக்க இழுக்க மூலை சாய முடியாமல் இறுகுகிறது. ஊரில் படலைத்தூணுக்கு முட்டுக்கொடுக்கிற அதே புத்தி.

மண்ணை ஒரு சாண் போட்டு இடி, இன்னொரு சாண் போட்டு இடி. கொங்கிறீற் போடலாமே என்று தம்பி கேட்டான். மரத்தைச் சுற்றிக் கொங்கிறீற் போட்டால் தண்ணீர் தேங்கி அந்த இடத்திலேயே உக்கும் என்றார் கிழவர்.

நவம்பர் 2, சனி. கொத்ரானோ

இறந்தோர் நாள். கடைகளில் சீனிப் பொம்மைகள். கிழவர் காலையில் சவக்காலைக்குப் போய்விட்டு வந்தார். பிறகு கம்பி.

முள்ளுக்கம்பியை இழுப்பது பயமான வேலை. இழுவைக் கருவியில் இறுகிய கம்பி அறுந்தால் பாம்பு மாதிரிச் சுருண்டு வரும். மூலைக்குப் பின்னால், கம்பிக் கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. ஏற்பு ஊசி போட்டவரா என்று கிழவர் எங்கள் இருவரையும் கேட்டார். அதிகம் இறுக்கவும் கூடாது. 30 பாகை குளிர்ந்தால் 100 மீற்றர்க் கம்பி மூன்றரைச் சென்ரிமீற்றரளவு சுருங்கும், இந்த மலையில் தை மாதம் பனி கொட்டும். வளைந்த இரட்டைக்கால் ஆணியை மரத்தின் நார் ஓடும் திசைக்குச் சற்றுச் சரிவாக அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூண் பிளக்கும். முழுதாய் அடித்துவிடவும் கூடாது, கம்பி அதற்குள் ஓட வேண்டும். கம்பி மாடு நிற்கும் பக்கத்தில். வெளியே போட்டால் மாடு சாயும்போது ஆணி கழன்றுவிடும். இந்தக் கம்பியில் ஒருநாளும் மின்சாரம் கொடுக்கக்கூடாது. முள்ளில் மாட்டிய மிருகம் விலக முடியாமல் அடிவாங்கிக்கொண்டே இருக்கும்.

நாலு வரி: 45, 70, 95, 120. முடிந்ததும் தம்பி இரண்டு தூணுக்கு நடுவே குந்தியிருந்து, முதல் வரியை இரண்டு முள்ளுக்கிடையில் பிடித்து மேலே தூக்கினான்.

“அண்ணை, உதுக்குள்ளாலை பூரலாம். தூணடியிலை பாக்காதேங்கோ, நடுவிலை பாருங்கோ.”

“உனக்கெப்பிடியடா தெரியும்?”

“மெனிக் பாமிலை தெரியாத பிள்ளை இருந்ததே?”

2009இல் அவனுக்கு ஏழு வயது. போர் முடிந்தபோது இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேரளவில் முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். மெனிக் பாம் முகாமின் கடைசிப் பகுதியை மூடியது 2012இல். அவன் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தூண்களுக்கிடையே நடுவில் ஒவ்வொரு சிறு தடி வைத்து நாலு வரியையும் சேர்த்துக் கட்டினோம். பசு தலையைக் கொடுத்துத் தூக்குவதும் இதே இடத்தில்தான், கன்று முதலில் வெளியே போவதும் இதே இடத்தால்தான்.

நவம்பர் 9, சனி. கொத்ரானோ

மாட்டை விட்டோம். மணி கட்டிய கிழட்டுப் பசு சுற்றுமுழுவதும் மெதுவாக நடந்து, மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. மற்றவை அதன் பின்னால். இரண்டு இடத்தில் தலையைக் கொடுத்தது, தடி விடவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியைக் கண்டுகொண்டது. ஒரு நாம்பன் மட்டும் கம்பியில் முதுகு சொறியப் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டது.

மத்தியானம் எதிர்நிலத்துக்காரர் வந்தார். பிரச்சினை வேலியின் கிழக்குப் பக்கம். இரண்டு நிலத்துக்கும் இடையே ஓடுவது அரச மந்தைப்பாதை, ‘திராட்சேரா’. முன்னாளில் மந்தைகளை மலைக்கும் கடலுக்கும் ஓட்டிச் சென்ற பாதை. சட்டப்படி அதன் அகலம் 37.68 மீற்றர். அரசாங்கச் சொத்து. புதுத்தூண்கள் பாதைக்குள் நிற்கின்றன என்பது அவர் வழக்கு. பழைய கட்டில் நின்ற கோட்டில்தான் நட்டோம் என்பது கிழவர் வழக்கு. ஊரில் ஒவ்வொரு வேலியடைப்புக்கும் கதியாலை ஒரு சாண் அரக்கி, பத்து வருடத்தில் ஒரு பாத்தியை விழுங்கிவிடும் ஆட்களைக் கண்டவன் நான். வாய் திறக்கவில்லை.

கிழவர் அளவுநாடாவை என் கையில் தந்தார். தம்பி மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கல்மதிலுக்குப் போனான். எங்கள் தூணிலிருந்து அந்த மதிலுக்கு 29 மீற்றரும் கொஞ்சமும். மதிலைக் கட்டியது எதிர்நிலத்துக்காரரின் தகப்பன்.

இரண்டு பேரும் நாடாவை ஒருமுறை பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிர்நிலத்துக்காரர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கிழவர் வீட்டுக்குள் போய்ப் பாற்கட்டியும் வைனும் கொண்டுவந்தார். நான் நாடாவைச் சுருட்டினேன். பிறகு எல்லோருமாகப் படலையை எங்கே வைப்பது என்று பேசினோம். வைக்கோல் லொறி திரும்ப நாலு மீற்றராவது வேண்டுமாம், அதுவும் திராட்சேராப் பக்கமாக.