வண்ணத்துக்கு முன் ஒரு வெள்ளை

கேன்வாஸில் வண்ணம் தீட்டும் முன் 'ஜெஸ்ஸோ' என்ற வெள்ளைக் குழம்பைப் பூசுவது ஓவியர்களின் வழக்கம். கடையில் வாங்கும் டப்பாவில் இருப்பவை அக்ரிலிக் பால்மம், சுண்ணாம்புத் தூள், டைட்டானியம் வெண்மை. அக்ரிலிக் வருவதற்கு முன் எதைப் பூசினார்கள்? அதைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஹென்றி லெவிசன் 1955இல் லிக்விடெக்ஸ் என்ற அக்ரிலிக் வண்ணத்தை அறிமுகப்படுத்தினார். அக்ரிலிக் ஜெஸ்ஸோ பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். சீக்கிரம் காயும், துணியோடு சேர்ந்து வளையும்.

அங்கிருந்து இத்தாலிக்குப் போனால் வேலை மெதுவாகிறது. 1400ஆம் ஆண்டையொட்டிச் செனினோ செனினி எழுதிய தொழில் கையேட்டில், மரப்பலகைக்கு முதலில் தோல் பசை. அதன்மேல் லினன் துணிக் கீற்றுகள். பிறகு, சுட்ட ஜிப்சத்தைப் பசையில் குழைத்த கரடான பூச்சு. கடைசியில் நயமான பூச்சு, குறைந்தது எட்டு கோட்.

அந்த நயம் எளிதில் வருவதில்லை. சுட்ட ஜிப்சத்தில் தண்ணீர் பட்டால் கட்டியாக இறுகிவிடும். எனவே நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மாதம் தினமும் கலக்கிவிடச் சொல்கிறார் செனினி. இறுகும் குணம் போய், மிருதுவான மாவு மிஞ்சும். அதைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் சீவினால் தந்தத்தின் வழவழப்பு கிடைக்கும். அந்த வழவழப்பின் மேல் செம்மண் பூசி, தங்க ரேக்கை ஒட்டி மெருகுக்கல்லால் தேய்ப்பார்கள். சியேனா மக்கள் 1311இல் ஊர்வலமாகக் கதீட்ரலுக்கு எடுத்துச் சென்ற துச்சோவின் 'மாயெஸ்தா' ஓவியத்தின் பொன்னொளி இந்தக் கைமரபில் வந்தது. ஆல்ப்ஸுக்கு வடக்கே ஜிப்சத்தின் இடத்தைச் சீமைச்சுண்ணாம்பு பிடித்தது.

இன்னும் பின்னால் எகிப்து. மம்மிப் பெட்டிகளில் வெள்ளைச் சாந்தின் மேல் சித்திரங்கள். 1912இல் அமர்னாவில் கிடைத்த அரசி நெஃபர்டிட்டியின் சிலையைப் பெர்லினில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, வண்ணத்துக்கு அடியில் ஜிப்சச் சாந்தும் அதற்கும் அடியில் சுண்ணாம்புக்கல் முகமும் தெரிந்தன. கல்முகத்தில் வாயோரம் சுருக்கங்கள், மூக்கில் சிறு மேடு. அவற்றைச் சமன்செய்தது சாந்து!

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த இந்தக் கலவை ஏன் மாறியது? பலகை போய்த் துணி வந்ததுதான் காரணம். வெனிஸ் ஓவியர்கள் பெரிய படங்களைக் கேன்வாஸில் தீட்டிச் சுருட்டி அனுப்பத் தொடங்கினார்கள். கனத்த ஜிப்சப் பூச்சு சுருட்டினால் வெடிக்கும். பூச்சு மெலிந்தது, எண்ணெய் கலந்தது, கடைசியில் அக்ரிலிக் ஆனது.

ஆனால் டப்பா ஜெஸ்ஸோ பழைய பூச்சைப் போல ஈரத்தை உறிஞ்சாது. முட்டை மஞ்சள்கருவில் குழைத்த வண்ணம் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் ஐகான் எனும் திருவுருவப் படங்களைத் தீட்டும் மரபுக் கலைஞர்கள் இன்றும் தோல் பசையைச் சுடவைத்துச் சீமைச்சுண்ணாம்பைக் கலக்கிறார்கள். நம் ஓவியப் பள்ளிகளில் ஜெஸ்ஸோ டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே, எது துணிக்கு, எது பலகைக்கு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.