விளைச்சல் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பரிச்சயமானது ஜேம்ஸ் ரைட்டின் கவிதை ஒன்றின் மூலமாகத்தான். 1963ல் வந்த தொகுப்பில் உள்ளது. ரைட் பிறந்த மார்ட்டின்ஸ் ஃபெர்ரி, ஒஹையோ ஆற்றங்கரையில் ஓர் ஆலை ஊர். அவருடைய தகப்பனார் கண்ணாடித் தொழிற்சாலையில் உழைத்தவர். பன்னிரண்டே வரிகள். ஆலையில் தேய்ந்த தகப்பன்களின் நிலையைச் சொல்லிவிட்டு, மகன்களின் ஆட்டத்தை அதன் தர்க்கரீதியான முடிவு போல ரைட் வைத்துவிடுகிறார்.

அதைப் படித்ததிலிருந்து இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களின் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: உற்பத்தி. கல்லூரி அணிகள் பள்ளிப் பையன்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்வதற்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். பையன்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, எந்த மாநிலம் எத்தனை பேரை ‘உற்பத்தி’ செய்தது என்று வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறார்கள். டெக்ஸாஸ், ஃப்ளாரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா – இவை ‘வளமான மண்’. மண் என்று சொல்லிவிட்டால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

அவர்கள் காட்டும் காரணங்கள் பொய்யில்லை. ஜனத்தொகை, வெயில். தெற்கே பல மாநிலங்களில் பள்ளி அணிகள் வசந்தகாலத்திலும் பயிற்சி செய்யலாம். டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு 2012ல் திறந்த ஸ்டேடியம் 6 கோடி டாலர். 18,000 பேர் உட்காரலாம். சரி. வெயிலும் பணமும் இல்லாத அலிக்விப்பாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பென்ஸில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்கு அருகே, அதே ஒஹையோ ஆற்றின் கரையில் இருக்கிறது. ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு ஆலை கரையோரமாக ஏழு மைல் நீண்டிருந்தது. 1940ல் ஜனத்தொகை 27,000. எண்பதுகளில் ஆலை ஒடுங்கியது. 2020 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் மைக் டிட்கா, டோனி டார்செட், டை லா, டாரெல் ரீவிஸ் – ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற நான்கு பேர் – இங்கே வளர்ந்தவர்கள். ரீவிஸ் பிறந்தது 1985ல். ஆலை ஏறக்குறைய ஓய்ந்த பிறகு.

அந்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் ‘குழி’ என்று பட்டப்பெயர். பக்கத்தில் இருந்தவர் ஆலையில் வேலை பார்த்த கிழவர். தன் காலத்தில் எந்தக் கல்லூரியும் சீண்டாத பையன் திங்கட்கிழமை ஆலைக்குப் போய்விடுவான், இப்போது அவன் எங்கே போவான் என்று கேட்டார். ஊர் சுருங்கச் சுருங்க ஆட்டத்தின் கனம் ஏறிக்கொண்டே போவது எனக்கு அப்போது விளங்கியது.

ஃப்ளாரிடாவில் ஒக்கீச்சோபி ஏரிக்கரையில் பஹோகி, பெல் கிளேட் என்ற இரண்டு சின்ன ஊர்கள். கரிசல் போன்ற கறுத்த மண், கரும்பு. ஆன்குவான் போல்டினும் ஃப்ரெட் டெய்லரும் இங்கிருந்து போனவர்கள். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்துவார்கள். புகைக்குள்ளிருந்து ஓடிவரும் முயல்களைப் பையன்கள் விரட்டிப் பிடிப்பார்கள். அதனால்தான் இந்த வேகம் என்று எழுதாத நிருபர் இல்லை. முயலைப் பிடிப்பது எதற்கு – தின்னவும் விற்கவும். இதைச் சொல்லிவிட்டு ரொமான்டிக்காக எழுதுவது கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. அறுபதுகளில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தெற்கின் மண் இவ்வளவு வளமாகத் தெரிந்திராது. தெற்கத்திய பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கறுப்பு ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை. டெக்ஸாஸின் போமன்ட்டில் வளர்ந்த பப்பா ஸ்மித், மிஷிகன் ஸ்டேட்டுக்குப் போய்த்தான் ஆடினார். அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரதான அணியில் கறுப்பர்கள் களமிறங்கியது 1971ல்தான். மண் அன்றும் அங்கேதான் இருந்தது, பையன்களும் இருந்தார்கள். ஒரு பிரதேசம் திறமையை உண்டாக்குகிறது என்று நாம் படிப்பதில் பாதி, அங்கே யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிய செய்தி.

‘உற்பத்தி’ என்ற சொல்லுக்கே திரும்புகிறேன். உற்பத்தி என்றால் உழைப்பு இருக்கவேண்டும், கூலி இருக்கவேண்டும். அலிக்விப்பா ஆலையில் சங்கம் சேர்ந்ததற்காக நீக்கப்பட்ட பத்துப் பேரின் வழக்கில்தான் 1937ல் சுப்ரீம் கோர்ட், சங்க உரிமையைத் தந்த சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்திய அதே தேசியத் தொழிலாளர் வாரியம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் தாங்களும் தொழிலாளிகளே என்று சங்கம் கேட்டு வந்தபோது, 2015ல், தலையிட மறுத்தது. 2021லிருந்து பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். தொழிலாளி என்ற பெயரை மட்டும் யாரும் உறுதியாகக் கொடுத்துவிடவில்லை.

வரைபடத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஊரைவிட்டுப் போனவர்கள். நட்சத்திரம் கிடைக்காமல், ஆலையும் இல்லாமல் அங்கேயே நிற்கிற பையன்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அவர்களும் அதே மைதானத்தில், அதே உடம்பை வைத்து ஆடியவர்கள்தான். கணக்கு எழுதுகிறவர்கள் என்றாவது அவர்களையும் எண்ணிப் பார்க்கட்டும். பிறகு மண்ணைப் பற்றிப் பேசலாம்.