பெயருக்கு விடுதலை எப்போது?

மனிதன் குற்றவாளியாகப் பிறக்கிறானா, அல்லது குற்றவாளியாக ஆக்கப்படுகிறானா? குற்றவியல் பயிலும் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே வைக்கப்படும் கேள்வி இது. நமக்கோ இக்கேள்வி போடிமெட்டுக்கு அப்பால், ஓர் ஏலத்தோட்டத்தின் ஸ்டோர் வாசலில் வைக்கப்பட்டது. அன்று நாம் அளித்த விடை தவறானது. அவ்விடையால் ஒருவர் வேலையை இழந்தார். ஆகவே இது பிறரைப் பற்றிய ஆராய்ச்சி அன்று. நம்மைப் பற்றிய ஒப்புதல்.

ஆண்டு 2019. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தாலும், பின் வந்த வறட்சியாலும் விளைச்சல் குன்றியிருந்தது. ஏலக்காய் விலையோ மலையைவிட உயரமாக ஏறியது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. விடியுமுன் போடியிலிருந்து புறப்பட்டு, முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தொழிலாளரைக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லும் ஜீப்புகளில் அந்நாளில் இரண்டே பேச்சுகள்: ஒன்று விலை, மற்றொன்று திருட்டு. இரவோடு இரவாகச் செடியிலிருந்து சரத்தோடு அறுத்துச் செல்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலம். ஆதலால் உலர்ந்த காய் மூட்டை ஒன்று, ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலிக்கு மேல் பெறும்.

விலை ஏறினால் திருட்டும் ஏறுவது ஏன்? 1979ஆம் ஆண்டில் கோஹென், ஃபெல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கு எளிய விளக்கம் ஒன்று தந்தனர். திருட எண்ணம் கொண்ட ஒருவர், கவர்ச்சியான பொருள், காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது என்பது அவர்கள் கருத்து. அம்மூன்றனுள் எதுவும் ஒருவருடைய பிறப்பையோ குலத்தையோ பற்றியதன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம்.

அவ்வாண்டு நம் அண்ணன் மகனின் தோட்டத்தில் சில நாள்கள் தங்கியிருந்தோம். ஒரு காலையில் ஸ்டோரில் ஒரு மூட்டை குறைந்தது. கணக்குப்பிள்ளை மும்முறை எண்ணினார், மும்முறையும் குறைந்தது. சாவி யாரிடம் இருந்தது, கடைசியாகச் சரக்கு எப்போது கீழே இறங்கியது என்று எவரும் கேட்கவில்லை. உலர் அறைக்கு விறகு போடும் தொழிலாளி ஒருவரின் பெயரை யாரோ சொன்னார்கள். இளமையில் ஓர் அடிதடி வழக்கில் அவர் சில மாதங்கள் சிறையில் இருந்தவர். அது திருட்டு வழக்கே அன்று. ஆனாலும் சொன்னவுடன் எல்லாருடைய முகத்திலும் ஒரு தெளிவு பிறந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க சித்தப்பா?" என்று அண்ணன் மகன் நம்மைக் கேட்டான். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நீதிக்கதைகள் சொல்லிக் கொடுத்த ஆசிரியராகிய நாம், "ஒருமுறை உள்ளே போய் வந்தவர்தானே, யோசிக்கத்தான் வேண்டும்" என்றோம். காவல் நிலையத்தில் புகார் ஏதும் தரப்படவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் இறங்கி நடந்தார்.

மூன்று வாரங்கள் கழித்து, கீழே அனுப்பிய சரக்கின் கணக்குச் சீட்டு வந்தது. அனுப்பியதாக எழுதப்பட்டதைவிட ஒரு மூட்டை கூடுதலாக விற்றிருந்தது. மூட்டை களவு போகவில்லை. குறிப்பேட்டில் ஏறாமல் ஜீப்பில் ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

1764ஆம் ஆண்டில் மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். செயலைப் பார், அச்செயலால் விளைந்த தீங்கை அள, தண்டனையை அதற்குள் அடக்கு. கொடிய தண்டனையைவிட உறுதியான தண்டனையே குற்றத்தைத் தடுக்கும். சித்திரவதையும் மரண தண்டனையும் வேண்டா என்பன அந்நூலின் சாரம். இன்றைய நீதிமுறையின் அடித்தளக் கற்களுள் ஒன்று அது. 1766இல் திருச்சபை அந்நூலைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நூறாண்டுக்குப் பின் இத்தாலியிலேயே இதற்கு நேர்மாறான குரல் எழுந்தது. செசாரே லொம்ப்ரோசோ என்னும் மருத்துவர், வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டில் கண்ட ஒரு குழியை வைத்து, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்னும் முடிவை நோக்கிச் சென்றார். 1876இல் அவரது நூல் வெளிவந்தது. தாடையையும் காதையும் நெற்றியையும் அளந்து கள்வரை இனம் காணலாம் என்று பலர் நம்பினர். 1913இல் சார்லஸ் கோரிங் என்பவர் இங்கிலாந்தில் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, மற்றவரோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடலமைப்பு இல்லை என்று காட்டினார். அறிவியல் அந்த மண்டையோட்டை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டது. ஸ்டோர் வாசலில் நின்ற நாமோ அதைக் கையில் வைத்திருந்தோம். "என்ன செய்தார்?" என்று கேட்கவில்லை, "எப்படிப்பட்டவர்?" என்றே கேட்டோம்.

மூட்டையைப் பற்றிய உண்மை தெரிந்த சில நாள்களில் போடி பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் அவரைக் கண்டோம். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். தவறு எங்களுடையது என்றோம். அவர் நமக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார்.

"மூட்டை கெடச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன்யா. எம்பேருதான் இன்னும் கெடைக்கல" என்றார்.

இரண்டு தோட்டங்களில் வேலை கேட்டாராம். இரண்டிலும், "மூட்டை விசயத்துல அடிபட்ட ஆளா?" என்று கேட்டார்களாம். இப்போது ஒரு கிட்டங்கியில் சுமை தூக்குகிறார். பேச்சினிடையே, "எங்க தாத்தா ரேகை வச்ச ஆளுய்யா. ராத்திரியானா சாவடியில போயிப் படுக்கணும். அது மாதிரிதான்" என்றார். கசப்பில்லாமல் சொன்னார். அதுவே நம்மை வதைத்தது.

ரேகை வைத்த ஆள் என்பதன் பொருள் இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. லொம்ப்ரோசோவின் நூல் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் வட இந்தியாவுக்கு வந்த அச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பால் குற்றவாளிகள் என்று அறிவிக்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழியில்லை. கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊரை விட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் மீது இது பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அன்போடு அழைத்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் நீங்கியது, பெயர் நீங்கிற்றா? அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் டானன்பாம் 1938இல் இதைத்தான் ஆராய்ந்தார். இளமையில் தொழிலாளர் போராட்டத்துக்காக ஓராண்டு சிறையில் இருந்தவர் அவர். ஒருவனைத் தீயவன் எனச் சுட்டுதல், தனித்துப் பிரித்தல், நினைவூட்டிக்கொண்டே இருத்தல் ஆகியவையே அவனைத் தீயவனாக்கும் என்றார். 1963இல் ஹோவர்ட் பெக்கர் இதை மேலும் விரித்தார். முத்திரைக் கோட்பாடு என்று இதனைக் கூறுவர். நேர்மையான வேலைக்கான கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, ஒருவன் சன்னல் வழியே புகுந்தால் "அன்றே சொன்னோமே" என்று நாம் பெருமை கொள்கிறோம். நாம் சந்தித்த மனிதர் சன்னல் வழியே புகவில்லை. அது அவருடைய பெருமை, நம்முடையதன்று.

அப்படியானால் குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதா? அன்று. பறிகொடுத்த சிறு விவசாயியின் கண்ணீரும் கண்ணீரே. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். செயலைக் கண்டித்து மனிதனைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் நாணம் ஒன்று. மனிதனையே வெளியேற்றிக் கதவடைக்கும் நாணம் மற்றொன்று. முன்னது குற்றத்தைக் குறைக்கும், பின்னது வளர்க்கும் என்பது அவர் முடிவு. தண்டனைக்குத் தொடக்கம் இருப்பது போல் முடிவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். நம் நாவு விதிக்கும் தண்டனையோ ஆயுள் தண்டனை; சில குடும்பங்களுக்குப் பேரன் வரை நீளும் தண்டனை.

நீதிமுறையும் இப்போதுதான் மெல்லத் திருந்துகிறது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது; பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது; பழைய குற்றப் பரம்பரை முத்திரை சிறை விதிகளில் ஒளிந்திருப்பதையும் கண்டித்தது. 2022ஆம் ஆண்டு இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஆனால் வெளியே வரும் நாளில் அவர்களையும் ஊர் "உள்ளே போய் வந்தவர்" என்றே அழைக்கும்.

கல்வாரியில் ஆண்டவரோடு அறையப்பட்ட ஒருவருக்கு அன்றே பேரின்ப வீடு வாக்களிக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் அவரை 'நல்ல கள்வன்' என்றே அழைக்கிறோம். 'நல்ல' என்று சேர்க்க மனம் வந்தது. 'கள்வன்' என்பதை விட மனம் வரவில்லை. பக்தியிலும் நம் நாவு இப்படித்தான்.

தேநீர்க் கடையிலிருந்து திரும்பியதும் அண்ணன் மகனோடு பேசினோம். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டது போதாது என்பது நமக்கு விளங்கியிருந்தது. பழி எல்லார் முன்னிலையிலும் சுமத்தப்பட்டதல்லவா? அடுத்த எடுப்பு தொடங்கிய நாளன்று, காலையில் ஆள் பிரிக்கும் இடத்தில், பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகளும் நிற்க, அவன் அவர் பெயரைச் சொல்லி, "அவர் எடுக்கவில்லை, கணக்கு எழுதாத தவறு எங்களுடையது" என்றான். நாமும் நம் பங்கைச் சொன்னோம். சிலர் தலையாட்டினர், சிலர் தரையைப் பார்த்தனர்.

அவரைத் திரும்ப வேலைக்கு அழைத்தோம். அவர் வரவில்லை. வர வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. ஆனால் அந்த ஸ்டோரில் இன்று ஏதேனும் குறைந்தால், பெயர்களைப் பேசுமுன் குறிப்பேட்டைத் திறக்கிறார்கள் என்று அண்ணன் மகன் சொன்னான். நாம் சொல்லிய அந்த ஒரு வாக்கியம் எத்தனை ஜீப்புகளில் ஏறி எத்தனை தோட்டங்களுக்குப் போயிற்று என்பதை நாம் அறியோம். அதைத் தேடிப்போய்த் திருத்தவே இதையும் எழுதினோம்.