குலைக் காம்பில் யார் நம்பர்?

செம்பனை வெட்டுபவர் குலையின் காம்பில் தம் நம்பரை எழுதி வைப்பதை அறிவீர்கள். அதைப் பார்த்துத்தான் கணக்கு எழுதப்படுகிறது. ஒருவர் வெட்டிய குலையில் இன்னொருவர் தம் நம்பரைப் போட்டால் சும்மா இருப்போமா? படிப்பிலும் இப்படி ஒரு திருட்டு உண்டு. பிறர் எழுதியதைத் தம் பெயரில் போட்டுக்கொள்வதைக் கருத்துத் திருட்டு என்பார்கள்.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி மேற்படிப்புப் படிக்கிறாள். அவளுடைய ஆய்வேட்டைக் கணினியில் சோதித்துவிட்டு, பல பக்கங்கள் பிறர் எழுதியவை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்து தாயார் என்னைத் தேடி வந்தார். "சார், என் பிள்ளை யாரிடமும் ஒரு காசு எடுத்தவளில்லையே!" என்று கண் கலங்கினார். பணம் கொடுத்தால் வேறு எழுதித் தருவதாக ஒருவர் சொன்னாராம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மா, அது இதைவிடப் பெரிய திருட்டு" என்றேன்.

அவள் திருட நினைத்திருக்க மாட்டாள். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதினால் பள்ளியில் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. அப்படியே எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, எழுதியவர், நூல், ஆண்டு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துச் சொந்த நடையில் எழுதினாலும் உரியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் பதவியும் காப்பாற்றாது. 2002-ல் இந்தியாவின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத் பெயரில் வந்த இயற்பியல் கட்டுரை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை ரெனட்டா கல்லோஷ் முன்பே எழுதியதிலிருந்து எடுத்தது என்று தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்ட் அறிஞர்கள், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணையில் குற்றம் உறுதியாயிற்று. 2003-ல் அவர் பதவி விலகினார்.

ஆகவே, பிள்ளை இப்படி அகப்பட்டால் மறைக்கச் சொல்லாதீர்கள். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லி, எடுத்த பகுதிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, உரியவர் பெயரைப் போட்டு, மீதியைத் தானே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெண் இப்போது அதைத்தான் செய்கிறாள். காலம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் வாங்கும் பட்டம் அவளுடையதாக இருக்கும்.

இந்தப் பழக்கம் சிறு வயதிலேயே வரட்டும். பிள்ளை கட்டுரை எழுதி வந்து காட்டினால், எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் முன், "இதில் நீயே எழுதியது எது, பார்த்து எழுதியது எது?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்கு நாம் படித்திருக்க வேண்டியதில்லை.